அறவியல் படித்தவருக்கு ஒரு நிரந்தரப் பணியிடம் கொடுங்கள்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்களுக்கும் ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். கல்லூரியில் தத்துவம் நடத்துகிறவன் நான். மருத்துவ அறவியலில், அதாவது மருத்துவத்தில் எது சரி, எது தப்பு என்று ஆராயும் துறையில், முனைவர் பட்டம் முடித்தவர்கள், "அடுத்து என்ன சார்?" என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பதில் உங்கள் கையில் இருப்பதால் எழுதுகிறேன்.

புதிய மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் முன் நெறிமுறைக் குழு ஒப்புதல் தர வேண்டும். 2019-இல் வந்த விதிகளின்படி அதில் குறைந்தது 7 பேர் இருக்க வேண்டும், பாதிப் பேராவது அந்த நிறுவனத்துக்கு வெளியே இருந்து வர வேண்டும். சமூகவியலாளர், தொண்டு நிறுவனப் பிரதிநிதி, தத்துவ அறிஞர், அறவியலாளர், இறையியலாளர் என்று ஒரு வரிசை சொல்லி, இவர்களில் ஒருவர் இருந்தால் போதும் என்கிறது விதி. அதனால் தத்துவம் படித்தவரைத் தேடிப் போகும் அவசியம் யாருக்கும் வருவதில்லை. தேடினாலும் எத்தனை பேர் கிடைப்பார்கள்? அந்தப் படிப்பை நம்பிப் பிழைக்க நாம் வழி வைத்திருக்கிறோமா?

அவர் வந்து என்ன செய்வார் என்று கேட்பீர்கள். சிறுநீரகம் செயலிழந்து, வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸுக்கு வரும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவருக்குச் சிகிச்சை தரும் டாக்டரே புதிய மருந்தின் ஆய்வையும் நடத்துகிறார். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று படிவத்தில் இருக்கிறது. சரி. ஆனால் நாளை மறுநாளும் அதே டாக்டரிடம்தானே வர வேண்டும்? மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வருமா? வராது என்றால், அவர் வைத்த கைநாட்டுக்கு என்ன மதிப்பு? சிகிச்சையில் சம்பந்தப்படாத ஒருவர் ஒப்புதல் வாங்கலாமா? வீட்டில் கலந்து பேச இரண்டு நாள் கொடுக்கலாமா? இந்தக் கேள்விகளைப் பாதியில் விடாமல் கடைசிவரை பிடித்துக்கொண்டு போவது ஒரு பயிற்சி. நல்ல மனசு மட்டும் இதற்குப் போதாது.

பிரிட்டனில் மேரி வார்னாக் என்று ஒருவர் இருந்தார். ஆக்ஸ்போர்டில் தத்துவம் கற்பித்தவர். 1978-இல் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிரிட்டனில் பிறந்தது. மனிதக் கருவை ஆய்வகத்தில் வைத்து ஆராயலாமா என்ற சர்ச்சை சூடுபிடிக்க, 1982-இல் அரசு அமைத்த குழுவுக்கு அவரையே தலைவராக்கினார்கள். உயிர் எப்போது தொடங்குகிறது என்ற வாதத்தில் குழு மாட்டிக்கொள்ளவில்லை. கருவை நாம் எப்படி நடத்துவது சரி என்று கேள்வியையே மாற்றிப் போட்டது. 1984-இல் வந்த அறிக்கை, கருவை ஆய்வகத்தில் வைத்து ஆராய 14 நாளை எல்லையாக வைத்தது. ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான் கருவில் உடலின் முதல் கோடு தெரியத் தொடங்குகிறது. அதுவரை ஒரே கரு இரட்டையாகவும் பிரியலாம். உறுப்பினர்கள் எல்லோரும் ஒத்துப்போகவில்லை. அவர்களுடைய மறுப்பையும் அறிக்கையிலேயே அச்சிட்டார்கள், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். 1990-இல் 14 நாள் எல்லை சட்டமானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட ஸ்டெம் செல் வழிகாட்டுதலிலும் அதே எல்லைதான்.

இப்படிப்பட்டவர்கள் வானத்திலிருந்து குதிப்பதில்லை. வருடக்கணக்கில் சம்பளம் கொடுத்து, படிக்கவும் கற்பிக்கவும் விட்டால்தான் உருவாவார்கள். கௌரவ விரிவுரையாளராக அடுத்த வருட வேலைக்குக் காத்திருப்பவரால் பெரிய டாக்டர்கள் இருக்கும் அறையில் "இது தப்பு" என்று சொல்ல முடியாது.

என் கோரிக்கை இதுதான். மருத்துவ அறவியலுக்கென்று நிரந்தர உதவிப் பேராசிரியர் பணியிடங்களை உருவாக்குங்கள். முதலில் சென்னையில் ஒன்று, மதுரையில் ஒன்று போதும். வாரத்தில் பாதி நாள் தத்துவத் துறையிலும் மீதி நாள் அரசு மருத்துவக் கல்லூரியிலும் அவர் வேலை செய்யட்டும். எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் 2019 முதல் மருத்துவ அறமும் நோயாளியிடம் பேசும் முறையும் பாடமாக இருக்கின்றன. அந்த வகுப்புகளை டாக்டர்களோடு சேர்ந்து எடுக்கட்டும். சம்பளம் மட்டும் பல்கலைக்கழகத்திலிருந்தே வரட்டும், மருத்துவமனையிலிருந்து வேண்டாம். அப்போதுதான் குழுவில் வெளியாளாக உட்கார்ந்து சுதந்திரமாகப் பேச முடியும். அப்புறம், ஆய்வுத் திட்டங்களைப் படித்துக் கருத்து எழுதுவதையும் பதவி உயர்வில் கணக்கில் எடுங்கள்.

பாடத்திட்டம் எழுத ஆள் தேவை என்றால் கூப்பிடுங்கள், ஊதியம் இல்லாமலே வருகிறேன்.

அன்புடன்,
ஒரு தத்துவ ஆசிரியர்