விவசாயிகள் சங்க ஆண்டறிக்கை: 2024 அக்டோபர் முதல் 2025 செப்டம்பர் வரை

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், ஊர் மந்தையில் வந்து அமர்ந்திருக்கும் பெரியவர்கள், தாய்மார்கள், தம்பிமார்கள் எல்லோருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு இதே இடத்தில் நான் வாசித்த அறிக்கை இரண்டு பக்கம்தான். கண்மாய் மடை பழுது, பெரியாறு கால்வாயில் தண்ணீர் வந்த தேதி, உரத் தட்டுப்பாடு, காட்டுப்பன்றி தொல்லை. அவ்வளவுதான் நம் சங்கத்தின் உலகம். இந்த ஆண்டு சுரங்கம் தொடர்பாக டெல்லியிலிருந்து வந்த காகிதங்களைப் பற்றியே முக்கால்வாசி அறிக்கை போகப்போகிறது. பொறுமையாகக் கேட்க வேண்டுகிறேன்.

முதல் காகிதம் 2024 நவம்பர் 7 அன்று வந்தது. வந்தது என்று சொல்வதுகூடச் சரியில்லை, நம் கைக்கு எதுவும் வரவில்லை. மத்திய சுரங்க அமைச்சகம் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் உலோகச் சுரங்கத் தொகுதி ஏலத்தில் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானதாக அறிவித்த செய்தியைத்தான் பேப்பரில் பார்த்தோம். தொகுதியின் பரப்பு 2,015.51 ஹெக்டேர். ஏக்கரில் சொன்னால் ஏறத்தாழ 5,000. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம், அ.வல்லாளப்பட்டி, கிடாரிப்பட்டி, நரசிங்கம்பட்டி என்று நம் மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதி ஊர்ப்பெயர்களைப் படித்துக்கொண்டே வந்தபோதுதான் நம் வயலும் அந்த வரைபடத்துக்குள் கிடப்பது தெரிந்தது. அன்று சாயங்காலம் டீக்கடையில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. ஒரு பெரியவர் மட்டும், "நம்ம பட்டா நிலத்த நம்மகிட்ட கேக்காம ஏலம் விட முடியுமாப்பா?" என்று கேட்டார். செயலாளர் என்ற முறையில் என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதுதான் இந்த ஆண்டு முழுக்க நான் செய்த வேலை.

தேடியதில் தெரிந்ததைச் சொல்கிறேன். 2023 ஆகஸ்டில் கனிமச் சட்டம் திருத்தப்பட்டது. லித்தியம், கிராஃபைட், டங்ஸ்டன் உள்ளிட்ட 24 கனிமங்களை முக்கியக் கனிமங்கள் என்று தனிப் பட்டியலாக்கி, அவற்றை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசே எடுத்துக்கொண்டது. ஏலத்தில் வரும் வருவாய் மாநிலத்துக்கு, ஏலம் விடும் உரிமை மத்திய அரசுக்கு என்பது ஏற்பாடு. நிலத்துக்கு மேலே இருப்பது நம்முடையது, அடியில் கிடக்கும் கனிமத்தை யாருக்குக் கொடுப்பது என்பதை டெல்லி தீர்மானிக்கும். அந்தப் பெரியவரின் கேள்விக்கு இதுதான் பாதி பதில். ஏலம் விடும் கட்டத்தில் நம்மைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் கட்டாயம் இல்லை.

ஏல அறிவிப்பு 2024 ஜூன் 24 அன்றே வெளியாகிவிட்டது. ஜூன் 24-க்கும் நவம்பர் 7-க்கும் நடுவே நான்கரை மாதம். அந்த நான்கரை மாதத்தில் நாம் ஆடியில் உழுதோம், புரட்டாசியில் நாற்றுப் பாவினோம், ஐப்பசியில் நட்டோம். அத்தனை நாளும் நம் ஊர்ப்பெயர் ஓர் இணையதளத்தில் ஆங்கிலத்தில் கிடந்திருக்கிறது. மத்திய அரசிதழ் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் வெளியாகிறது. 2015-லிருந்து அச்சுப் பிரதியும் கிடையாது, இணையத்தில் மட்டும்தான். வி.ஏ.ஓ. அலுவலகச் சுவரில் ஒட்டுவார்கள், தண்டோரா போடுவார்கள் என்று நாம் இன்னமும் நினைத்துக்கொண்டிருந்தது நம் பிழை. இதை யாரையும் குறை சொல்லச் சொல்லவில்லை, என்னைச் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நவம்பர் 23 கிராம சபையில் அரிட்டாபட்டி மக்கள் சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். சுற்றுவட்ட ஊர்களும் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் ஏலத்தை ரத்து செய்யக் கோரி ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. முன்னமே ஏன் எதிர்க்கவில்லை என்று மத்திய அரசும், 2023-லேயே கடிதம் எழுதினோம் என்று மாநில அரசும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டதை எல்லோரும் டிவியில் பார்த்தீர்கள். சங்கத்தில் எல்லாக் கட்சிக்காரர்களும் இருக்கிறோம். அந்த விவாதம் சங்கத்துக்குள் வேண்டாம் என்று செயற்குழு முடிவு செய்தது, அது கடைசிவரை காப்பாற்றப்பட்டது. இதற்காக உறுப்பினர்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி.

இனி நான் சொல்லப்போவது இரண்டாவது காகிதத்தைப் பற்றி. என்னைக் கேட்டால் முதல் காகிதத்தைவிட ஆபத்தானது அதுதான். டிசம்பர் 24 அன்று சுரங்க அமைச்சகம் ஓர் அறிக்கை விட்டது. மொத்தம் 2,015.51 ஹெக்டேரில் பல்லுயிர் பாரம்பரியத் தலம் 193.215 ஹெக்டேர்தான், அதாவது பத்தில் ஒரு பங்கு. ஆகவே அந்தப் பகுதியை விட்டுவிட்டு எல்லையை மாற்ற முடியுமா என்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை மறுபடி ஆராயும் என்றது அந்த அறிக்கை. படிக்கும்போது நல்ல சேதி போலத்தான் இருந்தது. அன்று ராத்திரி நான்கைந்து பேர் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதை வரிக்கு வரி படித்தோம். அந்த 193 ஹெக்டேரும் அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலும் இருக்கிறது. தமிழக அரசு 2022 நவம்பரில் அறிவித்த, மாநிலத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம் அது. ஏழு மலை, அதன் சுனைகள், லகர் வல்லூறு, தமிழி என்ற பழைய எழுத்தில் உள்ள கல்வெட்டு, சமணப் படுக்கை, குடைவரைக் கோயில் எல்லாம் அங்கே. நம் ஊரில் என்ன இருக்கிறது? கண்மாய், வயல், அய்யனார், ஆடு மாடு. எந்தப் பட்டியலிலும் இடம்பெறாத சாதாரண ஊர். எல்லையை மாற்றினால் அவர்கள் தப்பிப்பார்கள், நாம் உள்ளே இருப்போம். ஊருக்கு ஊர் பிரிந்துபோக அந்த ஒரு பக்கக் காகிதம் போதும்.

அப்படிப் பிரியவில்லை. அரிட்டாபட்டிக்காரர்கள், "எங்களை மட்டும் விடுவித்தால் போதாது, முழுசா ரத்து செய்" என்று நின்றார்கள். அவர்கள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவர்களுக்குப் பிரச்சனை அன்றோடு தீர்ந்திருக்கலாம். இருக்கவில்லை. இந்தச் சங்கத்தின் பதிவேட்டில் இது எழுதப்பட வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். நம் பிள்ளைகள் என்றைக்காவது அந்த ஊருக்குப் பெண் எடுக்கவோ கொடுக்கவோ போனால் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையம் வரை பேரணி நடந்தது. மேலூரில் கடைகளை அடைத்தார்கள். நம் ஊரிலிருந்து வீட்டுக்கு ஒருவராவது வந்தார்கள், பெண்கள்தான் அதிகம். கட்டுச்சோறும் தண்ணீரும் கட்டிக்கொண்டு நடந்தார்கள். முழங்கால் வலி உள்ளவர்களை டிராக்டரில் ஏற்றினோம், பாதி தூரத்தில் இறங்கி நடக்கிறேன் என்று அடம்பிடித்தவர்களும் உண்டு. அப்புறம் வழக்குகள் வந்தன. ஜனவரி 22 அன்று ஊர்ப் பிரதிநிதிகள் டெல்லியில் மத்திய அமைச்சர் கிஷன் ரெட்டியைச் சந்தித்தார்கள். மறுநாள், ஜனவரி 23, ஏலம் முழுவதுமாக ரத்து என்று அறிவிப்பு வந்தது. குடியரசு தினத்தன்று முதலமைச்சர் அரிட்டாபட்டிக்கும் வல்லாளப்பட்டிக்கும் வந்தார். போராட்டத்துக்காக 11,608 பேர் மீது போட்ட வழக்குகளை மாநில அரசு திரும்பப் பெற்றது. அதில் நம் உறுப்பினர்களும் அடக்கம்.

வெடி போட்டோம், பொங்கல் வைத்தோம், சரி. ஆனால் அந்த ரத்து ஒரு நிர்வாக முடிவு. சட்டம் அப்படியேதான் இருக்கிறது, 24 கனிமப் பட்டியலில் டங்ஸ்டன் அப்படியேதான் இருக்கிறது. 2023 மார்ச் 29 அன்று நிலக்கரி அமைச்சகம் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு ஆகிய நிலக்கரித் தொகுதிகளை ஏலப் பட்டியலில் சேர்த்தபோது, காவிரி டெல்டா மக்கள் கொதித்தெழுந்து, ஏப்ரல் 8-க்குள் அவை நீக்கப்பட்டன. அவர்கள் கையில் 2020-இல் வந்த வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நம் பகுதிக்கு அப்படி எதுவும் இல்லை. இதைத் தீர்மானமாக முன்வைத்திருக்கிறேன், கடைசியில் சொல்கிறேன்.

பிப்ரவரிக்குப் பிறகு சங்கம் ஒரு புதிய வேலையைத் தொடங்கியது. நூலகத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகை வைத்தோம். கல்லூரியில் படிக்கும் நான்கு பிள்ளைகள் வாரம் ஒருமுறை அரசிதழையும் அமைச்சக இணையதளங்களையும் பார்த்து, மதுரை மாவட்டத்தைத் தொடும் எதுவாக இருந்தாலும் தமிழில் எழுதி ஒட்டுகிறார்கள். எந்த அறிவிப்புக்கு எத்தனை நாளில் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும் என்பதையும் பெரிய எழுத்தில் எழுதிவைத்திருக்கிறோம். தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுக்கும் முதல் அறிவிப்பு என்றால் 21 நாள். அதன் சாரத்தை இரண்டு உள்ளூர் பத்திரிகைகளில் போட வேண்டும், அதில் ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும் என்பது சட்டம். ரயில்வே என்றால் 30 நாள். 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின்படி என்றால் 60 நாள். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரைவு அறிவிப்பு என்றால், அரசிதழ்ப் பிரதி பொதுமக்களுக்குக் கிடைக்கும் நாளிலிருந்து 60 நாள். நாள் தாண்டிய பிறகு மந்தையில் கூடி என்ன பேசினாலும் கோப்பில் ஏறாது. ஒரு மனுவுக்கு ஒப்புகை தர ஓர் அலுவலகத்தில் மூன்று தடவை அலையவிட்டார்கள். அதிலிருந்து எல்லா மனுவையும் பதிவுத் தபாலில்தான் அனுப்புகிறோம், ரசீதுகளைக் கோப்பில் ஒட்டிவைத்திருக்கிறேன், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

"டெல்லிக் காகிதத்தைத் தமிழில் கேட்டால் தருவார்களா?" என்று சிலர் கேட்கிறீர்கள். கேட்டால்தான் தெரியும். 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும் வெளியானபோது, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்க்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கேட்பது தவறான கோரிக்கை இல்லை என்பதற்கு அதுவே சாட்சி.

அந்தப் பலகையில் கடைசியாக ஒட்டிய காகிதம்தான் இந்த ஆண்டின் மூன்றாவது பெரிய காகிதம். செப்டம்பர் 8 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை வெளியிட்டது. அணுக் கனிமங்களுக்கும் முக்கியக் கனிமங்களுக்கும் சுரங்கம் தோண்ட, பொதுமக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை. எவ்வளவு சிறிய சுரங்கமானாலும் பரிசீலனை டெல்லியிலேயே நடக்கும். நாட்டின் பாதுகாப்புக்கும் அணுசக்திக்கும் இந்தக் கனிமங்கள் அவசரம் என்பது சொல்லப்பட்ட காரணம். டங்ஸ்டன் நாட்டுக்குத் தேவைதான், அதை நாம் ஒருநாளும் மறுத்ததில்லை. ஆனால் இழப்பது என்ன என்று பாருங்கள். 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி கருத்துக்கேட்பு நடத்த 30 நாள் முன்னதாக அறிவிக்க வேண்டும், திட்டத்தின் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் தர வேண்டும், நம் பகுதியிலேயே கூட்டம் போட்டு நாம் பேசுவதை எழுதிக்கொள்ள வேண்டும். ஏலத்திலும் நம்மைக் கேட்கவில்லை, அரசிதழும் தமிழில் இல்லை. நம் மொழியில் ஒரு காகிதம் நம் கைக்கு வரும் என்று நம்பியிருந்த கட்டம் இது. அதையும் எடுத்துவிட்டார்கள். முதலமைச்சர் இதைத் திரும்பப் பெறக் கோரிப் பிரதமருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். சங்கத்தின் சார்பிலும் மனு அனுப்பியிருக்கிறோம்.

மற்றவை சுருக்கமாக. கண்மாய் மூன்றாவது மடையின் ஷட்டர் மாற்றப்பட்டது. கருவேல மரம் அகற்றும் பணி பாதியில் நிற்கிறது, தண்ணீர் வற்றியதும் தொடர வேண்டும். செயற்குழு மாதாமாதம் கூடியது, டிசம்பரிலும் ஜனவரியிலும் ஏறக்குறைய தினமும். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். பேரணிக்கு நெல்லாகவும் பணமாகவும் கொடுத்தவர்களின் பட்டியலும் அதில் இருக்கிறது. ஏலம் ரத்தான சேதியைக் கேட்காமலேயே மார்கழியில் காலமான நம் மூத்த உறுப்பினர் இருவருக்கும் எழுந்து நின்று அஞ்சலி செலுத்த வேண்டுகிறேன்.

பொதுக்குழுவின் முன் மூன்று தீர்மானங்களை வைக்கிறேன். மேலூர்ப் பகுதியை டெல்டாவைப் போலப் பாதுகாக்கப்பட்ட மண்டலமாக அறிவிக்க மாநில அரசைக் கேட்டுக்கொள்வது. செப்டம்பர் 8 குறிப்பாணையைத் திரும்பப் பெறவும், தமிழ்நாட்டு ஊர்களைத் தொடும் மத்திய அறிவிப்புகளைத் தமிழிலும் வெளியிட்டு அந்தந்த ஊராட்சிக்கு அனுப்பவும் மத்திய அரசைக் கேட்டுக்கொள்வது. அறிவிப்புப் பலகையைக் கவனிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு பழைய கணினியும் இணைய இணைப்பும் சங்கச் செலவில் வாங்கித் தருவது. மூன்றாவதைப் பற்றி ஆட்சேபம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், இந்த மாதமே வாங்க வேண்டும்.

அறிக்கையை ஏற்று, தீர்மானங்களை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்