காலை நீட்டி உட்கார்ந்தால் கோபிக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

என் மகளுக்கு இப்போது 20 வயது. பத்தாம் வகுப்பு படிக்கும்போது இடது முழங்காலுக்கு மேலே வலிக்கிறது என்றாள். கோகோ விளையாட்டில் அடிபட்டிருக்கும் என்று தைலம் தேய்த்தே இரண்டு மாதம் ஓட்டினோம். எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் ஆஸ்டியோசர்கோமா என்ற பெயரே எங்கள் வீட்டுக்குள் வந்தது. வளர்கிற வயதுப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் முழங்காலை ஒட்டி வருகிற எலும்புப் புற்றுநோய்.

கீமோ, ஆபரேஷன், மறுபடி கீமோ. கட்டி இருந்த எலும்பை மூட்டோடு எடுத்துவிட்டு உலோக மூட்டு வைத்தார்கள். காலும் தப்பியது, பிள்ளையும் தப்பினாள். அந்த டாக்டர்களை இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். நான் எழுத வந்தது அதற்கு அப்புறம் நடப்பதைப் பற்றி.

அந்தக் காலை ஓரளவுக்கு மேல் மடக்க முடியாது. சம்மணம் போட முடியாது, குத்தவைக்க முடியாது. அவள் படித்த பள்ளியில் இருந்தது எல்லாம் தரையோடு பதித்த கழிப்பறை. நான் கொடுத்தனுப்பிய தண்ணீர் பாட்டில் சாயங்காலம் நிரம்பியபடியே திரும்பி வரும். கீமோவில் ஏற்றிய சிஸ்பிளாட்டின் மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும், நிறைய தண்ணீர் குடிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிய பிள்ளை, இரண்டு வருடம் பகலெல்லாம் வாய் வறண்டு உட்கார்ந்திருந்தாள். அதே மருந்தால் காதும் கொஞ்சம் மந்தம். வேப்பமரத்தில் அணில் கத்துவது அவளுக்குக் கேட்கவில்லை என்பதை நான் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன்.

கனடாவின் டெர்ரி ஃபாக்ஸுக்கும் இதே நோய்தான். 1977இல், 18 வயதில், அவருடைய வலது காலை எடுத்தார்கள். 1980இல் செயற்கைக் காலோடு 143 நாள் ஓடி, புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டினார். அவர் இழந்தது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. என் மகளின் குறை சுடிதாருக்குள் மறைந்திருக்கிறது. பேருந்தில் யாரும் எழுந்து இடம் தர மாட்டார்கள். போன தை மாதம் ஒரு கல்யாண வீட்டில் ஜமுக்காளத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "பெரியவங்க முன்னாடி பொம்பளப் பிள்ளை இப்படியா உட்கார்றது?" என்று ஒரு பாட்டி அதட்டினார். எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டாள். அதன் பிறகு எந்த விசேஷத்துக்கும் வருவதில்லை.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் கேட்கப் போன இடத்தில், "கால்தான் இருக்கே?" என்றார்கள். கடைசியில் 35 சதவீதம் என்று எழுதினார்கள். 40 இருந்தால்தான் இடஒதுக்கீடு. சரி, அது சட்டம். ஆனால் கல்வி நிலையங்களின் கட்டடமும் வசதிகளும் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்பதும் அதே 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில்தானே இருக்கிறது? பள்ளிக்கு ஒரு மேற்கத்திய கழிப்பறை, அதுவும் தரைத்தளத்தில், பூட்டுப் போடாமல். சிகிச்சை முடித்துப் பள்ளிக்குத் திரும்பும் பிள்ளையின் கையில், இந்தக் கால் மடங்காது, காது இவ்வளவுதான் கேட்கும், முன்வரிசையில் உட்கார வையுங்கள் என்று தலைமை ஆசிரியருக்கு மருத்துவமனையிலிருந்து ஒரு கடிதம். இவ்வளவுதான் கேட்கிறேன்.

அடுத்த மாதம் அவள் போட்டித் தேர்வு எழுதப் போகிறாள். தேர்வு மையத்தில் தரைத்தளத்தில் இடம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை.

மகள் கேட்டுக்கொண்டதால் பெயர் போடவில்லை.

ஒரு தாய்,
சாத்தூர்.