பேரக்குழந்தையைப் பசையாக்காதீர்கள்: ‘தி கில்டட் ஏஜ்’ எழுத்தாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஜூலியன் ஃபெலோஸ், சோனியா வார்ஃபீல்ட் அவர்களுக்கும், உங்களோடு சேர்ந்து எழுதுபவர்களுக்கும்,

வணக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டு நியூயார்க்கின் பணக்காரக் குடும்பங்களைப் பற்றிய உங்கள் ‘தி கில்டட் ஏஜ்’ தொடரின் மூன்றாவது சீசன் ஓடிக்கொண்டிருக்கும்போதே, 2025 ஜூலையில், நான்காவது சீசன் உண்டு என்று எச்பிஓ அறிவித்துவிட்டது. ஆகஸ்ட் 10ஆம் தேதி கடைசி எபிசோட் வந்தது. அதன்பின் யார் யாரோடு சேர்வார்கள், யார் யாரை விட்டு விலகுவார்கள் என்று ஊகிப்பதே தொடரைப் பார்த்தவர்களுக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. எனக்கும்தான். ரஸ்ஸல் வீட்டு மகன் லாரிக்கும் எதிர்வீட்டு மேரியனுக்கும் கல்யாணம் ஆகுமா என்றுதான் பலரும் கேட்கிறார்கள். ஆகும். அதில் எனக்குச் சந்தேகமில்லை, பெரிய அக்கறையும் இல்லை. என் கவலையெல்லாம் அந்தப் பையனுடைய அப்பா அம்மாவைப் பற்றியது.

மூன்றாவது சீசனை இன்னும் பார்க்காதவர்கள் இந்த மடலை இங்கேயே மடித்து வைத்துவிடலாம். இனி வருவதெல்லாம் கதையை உடைப்பதுதான்.

ரயில்வே முதலாளி ஜார்ஜ் ரஸ்ஸல் தன் அலுவலகத்திலேயே சுடப்பட்டார். பிழைத்தார். பிழைத்து எழுந்தவர், மகளின் விருப்பத்துக்கு மாறாக அவளை ஓர் ஆங்கிலேய டியூக்குக்குக் கட்டிவைத்தாள் என்ற கோபத்தில் மனைவி பெர்த்தாவை விட்டுப் போய்விட்டார். அதே எபிசோடில் மகள் கிளாடிஸ் தான் கருவுற்றிருப்பதைச் சொல்கிறாள். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தீர்களே, அங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

நாங்கள் தமிழ் நெடுந்தொடர் பார்த்து வளர்ந்தவர்கள். பிரிந்த பெற்றோர், பிள்ளைத்தாய்ச்சி மகள் என்று காட்டிவிட்டால் அடுத்த ஐம்பது எபிசோடில் என்ன நடக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். மகளுக்கு வலி எடுக்கும். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அப்பா ஒரு மூலையிலும் அம்மா ஒரு மூலையிலும் நிற்பார்கள். உள்ளேயிருந்து குழந்தையின் அழுகுரல் கேட்கும். இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். கோபம் போன இடம் தெரியாது. உங்கள் கதையில் ஆஸ்பத்திரிக்குப் பதிலாக இங்கிலாந்தில் ஒரு பழைய மாளிகை இருக்கும், பின்னணியில் வயலின் இருக்கும். மற்றபடி காட்சி அதேதான். அதை எழுதிவிடாதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

பெர்த்தாவின் முன்மாதிரி, அக்காலத்து நியூயார்க்கின் பெரும்பணக்காரச் சீமாட்டி அல்வா வாண்டர்பில்ட் என்பது ஊரறிந்தது. 1883 மார்ச்சில் அவர் கொடுத்த மாறுவேட விருந்துதான், பழைய பணக்காரச் சமூகத்தின் தலைவியான ஆஸ்டர் அம்மையாரின் கதவைத் திறக்க வைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் மெட்ரோபாலிடன் ஆப்பெரா திறந்ததிலும் அவர் போன்ற புதுப்பணக்காரக் குடும்பங்களின் கைதான் ஓங்கியிருந்தது. பிறகு, வின்த்ரோப் ரதர்ஃபர்ட் என்ற இளைஞனை விரும்பிய தன் மகள் கான்சுவெலோவை மிரட்டி, அறையில் அடைத்து, ஒன்பதாம் மார்ல்பரோ டியூக்குக்கு 1895 நவம்பர் 6 அன்று மணமுடித்தார். இதை அப்படியே எடுத்துக் கிளாடிஸுக்குக் கொடுத்தீர்கள். நன்றாகவே கொடுத்தீர்கள். அந்தத் தேவாலயக் காட்சியில் மணப்பெண்ணின் முகத்தைப் பார்க்கமுடியாமல் நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆனால் ஒன்றை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள். அல்வா தன் கணவரை விவாகரத்து செய்தது 1895 மார்ச்சில், அதாவது மகளின் கல்யாணத்துக்கு எட்டு மாதம் முன்னால். அந்தப் பிரிவுக்கும் மகளின் கண்ணீருக்கும் தொடர்பில்லை. நீங்கள் வரிசையை மாற்றிக் கல்யாணத்தைப் பிரிவுக்குக் காரணமாக்கிவிட்டீர்கள். துணிச்சலான மாற்றம்தான். இதனால் ஜார்ஜ் மகளுக்காக மனைவியையே துறந்த தகப்பனாகத் தெரிகிறார். பார்ப்பவர்கள் பலரும் அவரை அப்படித்தான் கொண்டாடுகிறார்கள்.

என்னால் கொண்டாட முடியவில்லை. மனசுக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொள்ளலாம் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்தவர் அவர். டியூக் தரப்பு கேட்ட பணத்தைப் பேசி முடித்தவரும் அவர்தான். பெர்த்தாவின் கையில் ஆசை இருந்தது, காசோலைப் புத்தகம் அவர் கையில் இருந்தது. ‘தரமாட்டேன்’ என்று ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்தச் சம்பந்தம் அன்றைக்கே முறிந்திருக்கும். சொல்லவில்லை. கடைசியில் மகளின் கையைப் பிடித்துத் தேவாலயத்துக்குள் நடத்திச் சென்றதும் அவர்தான். அசல் கதையிலும் கான்சுவெலோவை அழைத்துப்போனது தகப்பன் வில்லியம் வாண்டர்பில்ட்தான். மணப்பெண் அழுதுகொண்டிருந்ததால் இருவரும் தாமதமாக வந்து சேர்ந்தார்கள். அந்தத் தகப்பனை இந்த விஷயத்தில் யாரும் குற்றம் சொல்வதில்லை. பழி முழுவதையும் அல்வாதான் சுமந்தார். நூற்றிமுப்பது ஆண்டுகளுக்குப் பிறகு உங்கள் ஜார்ஜும் அதே சலுகையோடு வண்டி ஏறிவிட்டார்.

இதனால்தான் பேரக்குழந்தை வேண்டாம் என்கிறேன். ஜார்ஜ் திரும்பி வருவதென்றால், ‘நீ செய்ததில் பாதி நான் செய்தது’ என்று பெர்த்தாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வரட்டும். அதற்கு நான்கு எபிசோட் ஆகுமா, முழு சீசனும் ஆகுமா என்பது உங்கள் விருப்பம். தொட்டிலில் கிடக்கும் சிசுவைப் பசையாக வைத்து இருவரையும் ஒட்டிவிட்டால் அந்தப் பேச்சு நடக்கவே நடக்காது. மோர்கன் ஸ்பெக்டர், கேரி கூன் போன்ற இரண்டு நடிகர்களை வைத்துக்கொண்டு அந்தப் பேச்சைத் தவறவிடுவது பாவம்.

என் கணிப்பையும் சொல்லிவிடுகிறேன். இருவரும் பிரிந்தே இருப்பார்கள், விவாகரத்து ஆகாது. அன்றைய நியூயார்க் சட்டம் அதற்கு இடம் தராது. 1960களின் பின்பாதி வரைக்கும் அந்த மாநிலத்தில் விவாகரத்துக்கு ஒரே காரணம்தான் செல்லும்: கணவனோ மனைவியோ முறைதவறி நடந்ததை நிரூபிக்க வேண்டும். விவாகரத்தான அரோரா ஃபேனின் கதையை அதற்காகத்தானே நுழைத்தீர்கள்? தவறு செய்தது கணவன், விருந்துகளில் கதவடைக்கப்பட்டது அவளுக்கு. அந்த அநியாயத்தைக் கண்டு, விவாகரத்தான பெண்களையும் தன் நியூபோர்ட் நடன விருந்துக்கு அழைத்தவள் பெர்த்தா. அவள் அப்போது அரோராவுக்காகக் கதவைத் திறந்தாள். நாளைக்கு அதே கதவு வழியாக அவளே நுழையவேண்டி வரலாம். மூன்றாவது சீசனில் நீங்கள் விதைத்ததில் மிக நுட்பமானது இதுதான் என்பேன், பலர் கவனிக்காமல் போனதும் இதுதான்.

முறைதவறியதற்குச் சான்று வேண்டும் என்ற சட்டம் இருப்பதால், எழுதுபவருக்கு ஒரு சபலமும் வரும். ஜார்ஜுக்கு ஒரு பெண்ணையோ பெர்த்தாவுக்கு ஓர் ஆணையோ கொண்டுவந்து நிறுத்தலாம் என்று. அல்வாவே 1896 ஜனவரியில் ஆலிவர் பெல்மான்ட் என்பவரை மணந்துகொண்டார் என்று நீங்கள் சரித்திரத்தைக் காட்டக்கூடும். வேண்டாம். இந்தத் தம்பதியின் பகை அவர்களுக்குள்ளேயே முளைத்தது. மூன்றாமவர் வந்தால் அது மலிவாகிவிடும். வேண்டுமானால் பெர்த்தாவின் சகோதரி மோனிக்காவை மறுபடி வரவழையுங்கள். பெர்த்தா எங்கிருந்து வந்தவள், எதற்காக இப்படி ஓடுகிறாள் என்று அறிந்தவள் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான். கல்யாணத்துக்கு வந்தவளை அத்தோடு அனுப்பிவிட்டீர்கள்.

தாய்க்கும் மகளுக்கும் இடையில் என்ன ஆகும் என்பதில் சரித்திரம் என் பக்கம் இருக்கிறது. கான்சுவெலோ 1906இல் டியூக்கைப் பிரிந்தார், 1921இல் விவாகரத்து பெற்றார். 1926இல் அந்தத் திருமணத்தையே செல்லாததாக்கக் கோரியபோது, ‘நான்தான் கட்டாயப்படுத்தினேன்’ என்று சாட்சி சொன்னவர் அல்வாதான். மகளின் விடுதலைக்காகத் தன் மீதான குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டார். தாயும் மகளும் பின்னாளில் நெருங்கிவந்தார்கள், அல்வாவுக்குத் தன் முதல் கணவரோடான உறவு மீளவேயில்லை. உங்கள் கதையிலும் பெர்த்தா இங்கிலாந்துக்குப் போய், கிளாடிஸை அடக்கி ஆண்ட நாத்தனார் சேராவை எப்படிச் சமாளிப்பது என்று சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தபோதே அந்த இணக்கம் தொடங்கிவிட்டது. டியூக் ஹெக்டரும் தன் அக்காவை விட்டு மனைவியின் பக்கம் மெல்லச் சாய்கிறார். அந்தக் கல்யாணம் நன்றாக அமைந்துவிட்டால் பெர்த்தா செய்தது சரி என்று ஆகிவிடாதா? ஆகிவிடும் போலிருக்கிறது, அதுதான் சங்கடம். மகள் சந்தோஷமாக இருக்கிறாள், தகப்பன் மன்னிக்க மறுக்கிறார் என்ற நிலையை ஒரு சீசன் முழுக்க நீட்டிப் பாருங்கள். கிளாடிஸ் அப்பாவிடம், ‘என் பெயரைச் சொல்லி அம்மாவைத் தண்டிக்காதீர்கள்’ என்று சொல்லும் ஒரு காட்சிக்காக நான் காத்திருக்கிறேன்.

லாரி, மேரியன் பற்றி நாலு வரி. மேரியன் முதல் சீசனில் டாம் ரெய்க்ஸால் ஏமாந்தாள், இரண்டாவதில் டேஷியல் மாண்ட்கோமரியோடு நிச்சயித்ததை முறித்தாள், மூன்றாவதில் லாரி எங்கே போனான் என்பதில் பொய் சொன்னான் என்று அவனையும் விலக்கினாள். ஜார்ஜ் குண்டடிபட்ட இரவில் அவள் மருத்துவருக்குத் துணையாக நின்றாள், பிறகு நடன விருந்தில் இருவரும் சமாதானமானார்கள். இன்னொரு முறை பிரித்துவைத்தால் எனக்குப் பொறுமை இருக்காது. சீக்கிரம் கல்யாணத்தை முடித்து, பெர்த்தாவை மாமியாராக்கிவிடுங்கள். மகளின் கல்யாணத்தில் கை சுட்டுக்கொண்டவள், சல்லிக்காசில்லாத மருமகளை எப்படி நடத்துவாள் என்று பார்க்க ஆசை.

கறுப்பினப் பெண்ணான பெகி ஸ்காட்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீளமாகவே சொல்லவேண்டும். டாக்டர் வில்லியம் கிர்க்லண்ட் அவளிடம் மணம் பேசிவிட்டார், பார்ப்பவர்களுக்கெல்லாம் மனம் நிறைந்துவிட்டது. ஆனால் அவருடைய அம்மா எலிசபெத் கிர்க்லண்ட் இருக்கிறாரே! அடிமையாகப் பிறந்த ஒருவரின் மகள், கறுத்த நிறம், ஒரு குழந்தையைப் பெற்று இழந்தவள் என்று பெகியிடம் அந்த அம்மாள் கண்ட குறைகள் ஒரே ராத்திரியில் கரையக்கூடியவை அல்ல. ஒடுக்கப்பட்ட சமூகத்துக்குள்ளேயே நிறத்தையும் பிறப்பையும் வைத்துப் படிகள் கட்டிக்கொள்வதை இவ்வளவு நேராகக் காட்டிய தொடர்கள் குறைவு. எங்களுக்கு அதில் புரியாதது ஒன்றுமில்லை. அதை மாமியார் கொடுமை என்ற அளவுக்குச் சுருக்கிவிடாதீர்கள். பெகி பத்திரிகையில் எழுதுகிறவள், அவளுடைய பத்திரிகை ஆசிரியராக நீங்கள் காட்டும் டி. தாமஸ் ஃபார்ச்சூன் நிஜமாகவே நியூயார்க்கில் ‘குளோப்’ பத்திரிகையை நடத்தியவர். டாக்டரின் மனைவியான பிறகும் அந்தப் பேனா ஓடுமா என்பதுதான் வில்லியமுக்கும் அவளுக்கும் இடையிலான உண்மையான சோதனை.

இன்னொன்று. குண்டடிபட்ட ஜார்ஜை அவர் வீட்டிலேயே வைத்துக் காப்பாற்றியவர் வில்லியம். ஒரு கறுப்பின மருத்துவருக்கு உயிர்க்கடன் பட்டிருக்கிறது அந்த மாளிகை. அந்தக் கடனை எந்த வாசல் வழியாகக் கொடுப்பார்கள், முன்வாசலா பின்வாசலா? விருந்துக்கு அழைப்பார்களா, கட்டணத்தை மட்டும் அனுப்பிவைப்பார்களா? இந்தக் கேள்வியைத் தொடாமல் நான்காவது சீசன் நகர்ந்தால் ஏமாந்துபோவேன்.

எதிர்வீட்டுக்கு, அதாவது ஆக்னஸ் வான் ரைனின் வீட்டுக்கு வருவோம். ஆக்னஸின் மகன் ஆஸ்கர் தன் காதலன் ஜான் ஆடம்ஸைப் பறிகொடுத்துவிட்டு, பரஸ்பர வசதிக்காக மணந்துகொள்ளலாமே என்று விதவையான மிஸஸ் விண்டர்ட்டனிடம் பேச்செடுத்திருக்கிறான். இது நடக்கவேண்டும் என்று நான் வேண்டிக்கொள்கிறேன். அந்த அம்மாள் முன்பு யார்? டர்னர் என்ற பெயரில் பெர்த்தாவுக்குத் தலைவாரிவிட்ட பணிப்பெண், ஜார்ஜின் படுக்கை வரைக்கும் போய்த் திருப்பி அனுப்பப்பட்டவள். அவள் ஆக்னஸ் வான் ரைனுக்கு மருமகளாக வருவாள்! பழைய குடும்பப் பெருமை தவிர வேறு சொத்து மிஞ்சாத வீட்டுக்குப் பணத்தோடு வரும் மருமகள். ஆக்னஸின் உடன்பிறந்தவளான ஏடாவோ, கணவர் விட்டுப்போன பணத்தால் ஏற்கெனவே அந்த வீட்டைத் தாங்கிக்கொண்டிருக்கிறாள். வீட்டுக்கு யார் எசமானி என்று பட்லர் பானிஸ்டருக்கே தடுமாற்றம். இதில் மூன்றாவதாக ஒருத்தி சாப்பாட்டு மேசைத் தலைமாட்டில் உட்காரப் பார்த்தால் ஆக்னஸாக நடிக்கும் கிறிஸ்டின் பரான்ஸ்கியின் புருவம் எவ்வளவு உயரும்!

கடைசியாக ஒரு நடைமுறை விண்ணப்பம். முந்தைய இரண்டு சீசன்களுக்கும் எட்டெட்டு எபிசோட்தான் வைத்தீர்கள். இத்தனை உறவுகளுக்கு அது போதாது. ஆவியோடு பேசும் கிளைக்கதை போன்றவற்றை இம்முறை விட்டுவிட்டு, மிச்சமாகும் நேரத்தை பெர்த்தாவுக்கும் ஜார்ஜுக்கும் கொடுங்கள். இருவரும் ஓர் அறையில் உட்கார்ந்து பேசட்டும், குழந்தை இங்கிலாந்திலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தொடரை விடாமல் பார்க்கும் ஒரு தமிழ் வாசகர்