கொமினிகேசன் பிள்ளைக்கு

அன்பானவர்களே,

நேற்றுப் பாடம் நல்லபடி முடிந்தது. வியர்வை காய முதலே எழுதுகிறேன். போன மாதம் திறன் வகுப்பறையில் (ஸ்மார்ட் கிளாஸ்ரூம்) நான் அடிப்பித்த தமிழ் எல்லாம் திரையில் இங்கிலீசு எழுத்தாகத் தெரிய, நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும், அதைத் திரும்பக் கிளற விருப்பமில்லை.

அதிபர், ஐசிடி ரீச்சர், கணித ஆசிரிய ஆலோசகர், நடுச்சாமத்தில் ரொறன்ரோவில் இருந்து வட்ஸ்அப்பில் விளங்கப்படுத்திய மகன் (அவனுக்கு அது மத்தியானம், சரி), எல்லோருக்கும் நன்றி.

ஆனால் இந்த மடல் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட கொமினிகேசன் (ரைப் அடிக்கும், போட்டோக்கொப்பி எடுக்கும் கடை) வைத்திருக்கும் பிள்ளைக்குத்தான். 12 வருசமாக என் வினாத்தாள்களை ரைப் அடித்துத் தருபவர். அழாக்குறையாக நான் நீட்டிய பென்ட்ரைவைத் திறந்து பார்த்துச் சிரித்துவிட்டார். "ரீச்சர், இது பாமினி. அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில இங்கிலீசு எழுத்தாத்தான் தெரியும். பிழை உங்களில இல்லை."

அந்தக் கடைசி வசனத்தை ஒரு மாதமாக ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

எந்தக் கொம்பியூட்டரிலும் எழுத்துச் சரியாகத் தெரிவதற்கான பொதுக் குறியீடு யுனிகோட். அதில் தமிழ் 1991இலேயே ஏறிவிட்டதாம். நான் ஜாம் போத்தல் விளக்கில் ஓ/எல் சோதனைக்குப் படித்த வருசம். அதை இப்போதுதான் பழகுகிறேன்.

கடை பூட்டிய பிறகு, ஐந்து பின்னேரம், தன் கதிரையில் என்னை இருத்திப் பழக்கினார். மற்றவர்கள் உதவி என்று வந்தால் மவுசைப் பறித்து, டக்கென்று செய்து, "இவ்வளவுதான்" என்று போய்விடுவார்கள். இவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். 'ழ'வைத் தேடி என் விரல் அலைந்தபோதுகூட அந்தக் கை முன்னுக்கு வரவில்லை. நான் பழகிவிட்டால் பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் காசு போய்விடும் என்று தெரியாதவரா? தெரிந்துதான் பழக்கினார்.

நேற்று ஜியோஜிப்ரா என்ற கணித மென்பொருளில் அரைவட்டத்தின் மேல் புள்ளியை இழுத்தேன். புள்ளி ஓடியது, கோணம் 90 பாகையிலேயே நின்றது. "இன்னும் கரைக்கு இழுங்கோ ரீச்சர், மாறுதா பாப்பம்" என்றான் கடைசி வாங்குப் பெடியன். அவனையே கூப்பிட்டு இழுக்க விட்டேன். என் கைகள் தாமாகவே பின்னால் போயின.

போட்டோக்கொப்பிக்கு இனியும் அந்தக் கடைதான், விலை கூடினாலும். இன்று காலை நானே அடித்த வினாத்தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேலிருந்து கீழாக வாசித்தார்.

"ரீச்சர், மூன்றாம் கேள்வியில ஒரு 'த்' விட்டிட்டியள்."