மகளுக்கு, உன் விண்ணப்பம் குறித்து

அன்பு மகளுக்கு,

உதவிப் பேராசிரியர் பணிக்கான விண்ணப்பத்தில் மேற்கோள் எண்ணிக்கையையும் எச்-குறியீட்டையும் குறிப்பிட வேண்டிய இடத்துக்கு வந்ததும் மனம் சோர்ந்துவிட்டதாக எழுதியிருந்தாய். ஒருவருடைய கட்டுரைகளில் பத்துக் கட்டுரைகள் குறைந்தது பத்து முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எச்-குறியீடு பத்து. 2005-இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த கணக்கு இது. ஒரே ஒரு கட்டுரை எழுதி ஒரு துறையையே திருப்பிப் போட்டவருக்கும் இது ஒன்றுக்கு மேல் கொடுக்காது என்பதை நினைவில் வைத்துக்கொள்.

கல்லூரியில் விலங்கியல் கற்பித்த காலத்தில் நான் மாணவர்களிடம் விரும்பிப் பேசியது பெய்டன் ரவுஸ் என்ற ஆய்வாளரைப் பற்றி. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் அவர், பிளைமவுத் ராக் இனக் கோழி ஒன்றின் மார்பில் வளர்ந்திருந்த புற்றுக்கட்டியை அரைத்து, செல்களும் பாக்டீரியாக்களும் கடக்க முடியாத நுண்வடிகட்டியில் வடித்து, அந்தச் சாற்றை நலமான கோழிகளுக்குச் செலுத்தியபோது அவற்றுக்கும் அதே கட்டி வந்தது. 1911-இல் வெளியான அக்கட்டுரையில், செல்லிலிருந்து பிரிக்கக்கூடிய ஒரு காரணி கட்டியைப் பரப்புகிறது என்ற அளவில் நிறுத்திக்கொண்டார். பார்த்ததற்கு மேல் எதையும் முடிவாகச் சொல்லவில்லை. கோழிக்குப் பொருந்துவது பாலூட்டிகளுக்குப் பொருந்தாது என்று பலர் ஒதுக்கினார்கள். எலிகளில் அத்தகைய காரணியைத் தேடியும் கிடைக்காததால், 1915 வாக்கில் அவரே அந்த ஆய்வை விட்டுவிட்டு, இரத்தத்தைக் கெடாமல் சேமிக்கும் கரைசலை உருவாக்கும் பணிக்குச் சென்றார். முதல் உலகப் போரில் காயமுற்றவர்களுக்கு அது பயன்பட்டது. அதற்காக மட்டுமே அவரை நினைவுகூர்ந்தாலும் தகும்.

நோபல் பரிசு அவருக்கு 1966-இல், 87 வயதில், கட்டுரை வெளியாகி 55 ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது. அந்தக் காத்திருப்பை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இடையில் நடந்தது. 1958-இல் ஹோவர்ட் டெமினும் ஹாரி ரூபினும் ரவுஸின் வைரஸை (அவர் கண்ட காரணி அதுதான்) வளர்ப்புத் தட்டிலுள்ள செல்களில் இட்டு, அது செல்களைப் புற்றுச் செல்களாக மாற்றிய இடங்களை எண்ணும் முறையை வகுத்தார்கள். கோழியில் வாரக்கணக்கில் பார்க்க வேண்டியதைத் தட்டில் எண்ணிவிட முடிந்ததால்தான் அடுத்த கேள்விகளைக் கேட்க முடிந்தது. 1970 ஜூனில், ஆர்.என்.ஏ-விலிருந்து டி.என்.ஏ-வைப் படியெடுக்கும் நொதியை அதே வைரஸில் கண்டதை டெமின் கட்டுரையாக வெளியிட்டார்; ரவுஸ் அவ்வாண்டு பிப்ரவரியிலேயே மறைந்திருந்தார்.

1976-இல் ஸ்டெஹலின், வார்மஸ், பிஷப், வோக்ட் ஆகியோர், அந்த வைரஸின் புற்றுநோய் மரபணு இயல்பான பறவைச் செல்லிலேயே இருக்கும் ஒரு மரபணுவிலிருந்து வந்தது என்று காட்டினார்கள். செல்லின் சொந்த மரபணு மாறுவதால் புற்றுநோய் உண்டாகிறது என்ற கருத்துக்கு அது பெரும் வலுவூட்டியது. ரவுஸோ தம் நோபல் உரையிலும் அந்தக் கருத்தை மறுத்தே பேசியிருந்தார். ரவுஸின் நம்பிக்கைக்கு எதிரான முடிவுக்கு அவருடைய கட்டுரையே வழிவகுத்தது என்றால், அதில் பதிவான சோதனை எவ்வளவு நேர்மையாகச் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்று எண்ணிப் பார். இதை எந்தக் குறியீட்டில் எழுதுவது?

உன் கட்டுரைகளில் நான் மிகவும் மதிப்பது, நோயாளிகளின் கட்டியிலிருந்து எடுத்த செல்களை ஆய்வகத்தில் வளர்க்கும் வழிமுறையைப் படிப்படியாக விவரித்த அந்தச் சிறிய கட்டுரையைத்தான். அதற்கு மேற்கோள் குறைவு என்று வருந்துகிறாய். ஆனால் மற்ற ஆய்வகங்களிலிருந்து ஐயம் கேட்டு வரும் கடிதங்கள் அதற்குத்தான் வருகின்றன என்று நீயே சொல்லியிருக்கிறாய். எண்களைக் கேட்ட இடத்தில் உள்ளபடி எழுதிவிடு. ஆய்வு விளக்கத்தின் முதல் பத்தியிலேயே, உன் வழிமுறையைக் கொண்டு அவர்கள் எந்தெந்தச் சோதனைகளைச் செய்தார்கள் என்பதை, அவர்களிடம் அனுமதி பெற்று எழுது. இப்போது அது ஐந்தாம் பக்கத்தில் கிடக்கிறது. திருத்தியதை எனக்கு அனுப்பு. உயிரியல் அறியாத தேர்வுக்குழு உறுப்பினருக்கும் புரிகிறதா என்று நானும் அம்மாவும் படித்துப் பார்க்கிறோம்.

அன்புடன்,
அப்பா