கழிவுநீருக்கு ஏது மீட்டர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடிநீர்க் கட்டணத்தைவிடக் கழிவுநீர்க் கட்டணம் ஏன் கூடுதலாக இருக்கிறது என்று மாடியில் குடியிருப்பவர் பில்லை நீட்டினார். கணக்குப் பிரிவிலேயே காலம் தள்ளியவன் நான், விடுவேனா?

பொதுவாக வீட்டுக் கழிவுநீரை யாரும் அளப்பதில்லை. உள்ளே வந்த தண்ணீரில் பெரும்பங்கு வெளியே போயிருக்கும் என்று வைத்துக்கொண்டு, குடிநீர் மீட்டர் அளவிலிருந்தே அதையும் கணக்கிடுகிறார்கள். செடிக்கு ஊற்றி மண்ணோடு போன தண்ணீருக்கும் சாக்கடைக் காசு! சில இடங்களில் தோட்டத்துக்குத் தனி மீட்டர் வைத்துக்கொள்ளலாம், விசாரிப்பது நல்லது.

நிலைக் கட்டணம், வீடு பூட்டிக் கிடந்தாலும் வரும். அது சரி. பல பில்களில் யூனிட் என்பது 1,000 லிட்டர். படிநிலைக் கட்டணம் என்றால், வரம்பைத் தாண்டிய யூனிட்டுகளுக்கு விலை ஏறும்.

அந்தப் பில்லில் ரீடிங்குக்குப் பக்கத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும்படி ஒரு எழுத்து. மீட்டரைப் பார்க்காமல் உத்தேசமாகப் போட்ட அளவு என்று அதற்கு அர்த்தமாம், விளக்கம் பின்பக்கத்தில். மீட்டரில் இருந்ததோ அதைவிடக் குறைவு. குழாய்களையெல்லாம் மூடிவிட்டுப் பார்த்தோம், முள் அசையவில்லை. அப்புறம் கசிவால்தான் பில் ஏறியது என்று எப்படிச் சொல்வது?

உத்தேசக் கணக்கு என்றால் அதை முன்பக்கத்திலேயே, தொகைக்கு மேலே, கொட்டை எழுத்தில் அச்சிடட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர்