ஷான் ஓக் ஓ ஹால்பீனை வளர்த்தெடுத்தவர்களுக்கு நன்றி மடல்

ஓ ஹால்பீன் குடும்பத்தாருக்கும், அயர்லாந்தின் கார்க் நகரத்து நார்த் மொனாஸ்டரி பள்ளி ஆசிரியர்களுக்கும், நா பியர்சிக் விளையாட்டுச் சங்கத்தாருக்கும் வணக்கம்.

2005 செப்டம்பரில் கால்வே அணியை வென்று, மட்டையும் சிறு பந்தும் கொண்டு ஆடும் ஐரிஷ் ஆட்டமான ஹர்லிங்கில், கார்க்கின் 30-ஆவது அகில அயர்லாந்துப் பட்டத்துக்கான லியம் மெக்கார்த்தி கோப்பையை அணித்தலைவராக ஷான் ஓக் உயர்த்திப் பிடித்த காட்சி இன்னும் என் கண்ணை விட்டு அகலவில்லை. க்ரோக் பார்க் அரங்கில் அன்று அவர் ஆற்றிய ஏற்புரை ஐரிஷ் மொழியில் இருந்தது. சிட்னியில் வளர்ந்து, 1988-இல் பதினோரு வயதில் கார்க்குக்கு வந்து சேர்ந்த சிறுவனின் நாவில் அம்மொழியைப் பதித்த ஆசிரியர்களுக்கே என் முதல் நன்றி.

அடுத்த நன்றி, ஃபிஜியின் ரொட்டுமா தீவில் பிறந்த அவருடைய தாயாருக்கு. தந்தையின் ஊர் வட அயர்லாந்தின் ஃபெர்மானா, தாயின் ஊர் ஃபிஜி, இரண்டுமே ஹர்லிங்குக்குப் பேர்போன இடங்கள் அல்ல என்று வர்ணனையாளர் மீஹால் ஓ முர்ஹெர்ட்டி சொன்னதைக் கேட்டு நாடே சிரித்தது. எனக்கோ, தாம் அறியாத ஆட்டத்துக்குத் தம் பிள்ளைகளைக் கொடுத்த ஒரு தாயின் பெருமனமே அதில் கேட்டது. அந்த வீட்டுப் பிள்ளைகளின் பெயர்களிலேயே இரு கரைகளும் இருந்தன. டேயு, ஐசாக்கே என்பவை தாய்வழிப் பெயர்கள். செட்டான்டாவோ ஐரிஷ் தொன்மத்தின் சிறுவன். பாய்ந்து வந்த வேட்டைநாயின் தொண்டைக்குள் மட்டையால் பந்தை அடித்துச் செலுத்தி அதைக் கொன்றவன். அப்பெயர் தாங்கிய தம்பியும் அண்ணன் ஷான் ஓக்கும் 2003 இறுதி ஆட்டத்தில் ஒரே அணியில் களமிறங்கினார்கள்.

ஊதியமில்லாத ஆட்டம் இது. பகலில் வேலை, மாலையில் பயிற்சி என்று நாள்களைக் கழிக்கும் ஆட்டக்காரருக்கு 2001-இல் கார் விபத்தில் முழங்கால் சிதைந்தால், அத்துடன் எல்லாம் முடிந்தது என்றே எவரும் நினைப்பார்கள். அந்த முழங்காலைச் சீராக்கிய மருத்துவர்களுக்கும், மீண்டும் ஓடப் பழக்கியவர்களுக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன். 2004-இல் கார்க், கில்கெனி அணியை 17-க்கு 9 என்று வீழ்த்திப் பட்டம் வென்றதும், அவ்வாண்டின் சிறந்த ஹர்லிங் வீரராக அவர் தேர்வானதும் அவர்களின் கைவண்ணம் அல்லவா?

1999-இல் அவருக்கு முதல் பட்டம் கிடைத்தபோது பயிற்றுநராக இருந்தவர் ஜிம்மி பேரி மர்ஃபி. 2010-இல் அணியில் இடமிழந்த ஷான் ஓக்கை, 2012-இல், முப்பத்தைந்தாம் வயதில், மீண்டும் அழைத்துக்கொண்டவரும் அவரே. கார்க்கின் சிவப்புச் சட்டையில் ஷான் ஓக்கை இன்னும் ஒரு பருவம் காணும் பேற்றை எங்களுக்குத் தந்ததற்காக அவருக்கும் என் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
ஹர்லிங் ரசிகன் ஒருவன்